பாட்டுப் போட்ட பாடம்

எங்கள் வகுப்புப் பெண்களில் ஒருத்தியிடமும் சொந்தமாகச் செல்போன் கிடையாது. ஆனால் வகுப்புக்கென்று போனில் ஒரு குரூப் உண்டு. இது எப்படி என்று வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் கேட்பார்கள். குரூப்பில் இருப்பதெல்லாம் அப்பாக்கள். அப்பா இல்லாத இடத்தில் மாமா, சித்தப்பா, கல்லூரிக்குப் போகும் அண்ணன். பெண் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்தால் கெட்டுப்போகும் என்பது இந்தப் பக்கத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் எப்போதோ முடிவான விஷயம். அதைப் பற்றி அவர்களிடம் பேசிப் பார்த்து நான் அலுத்துவிட்டேன்.

எடப்பாடிப் பக்கத்தில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். வகுப்பில் பெரிய திரை இருக்கிறது. பென் டிரைவைச் சொருகிப் படமும் வீடியோவும் காட்டுவேன். காட்டியதைப் பிள்ளைகள் வீட்டில் இன்னொரு முறை பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்பதால், அதையே குரூப்பிலும் போடுவேன். அது முதலில் நாக்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கும் லாரிக்குப் போகும். அப்புறம் தறிப்பட்டறைக்கு, கறிக்கடைக்கு, செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிக்குப் போகும். அந்த ஆள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மனது வைத்துப் போனை நீட்டினால்தான் பிள்ளை பார்க்கும். லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அப்பா லோடு இறக்கித் திரும்பி வரும் வரைக்கும் காத்திருப்பார்கள்.

ஒருமுறை மனித இனப்பெருக்க மண்டலம் பாடத்துக்கான படங்களைப் போட்டேன். உடனே ஓர் அப்பா குரூப்பை விட்டு வெளியேறினார். இன்னொருவர் நேராகவே கூப்பிட்டுவிட்டார். "ஏனுங்க டீச்சர், இந்தப் படமெல்லாம் எனக்கெதுக்குங்க அனுப்பறீங்க? பக்கத்துல ஆளுங்க இருக்கறாங்க." உங்களுக்கு இல்லை ஐயா, உங்கள் மகளுக்கு என்றேன். "அப்ப இன்னும் மோசமுங்க" என்றார். அன்று ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

அந்த வகுப்பில் ஒருத்தி. மூன்று பெண்களில் மூத்தவள். வீட்டோடு நான்கு விசைத்தறி, இரண்டு மாடு. கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அந்தப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது என்பதை யாரும் சொல்லாமல் தானாகவே விசாரித்து வைத்திருந்தாள். பதினொன்றாம் வகுப்பிலும் அவளுக்கு நான்தான்; அப்போதிருந்தே மனிதச் சிறுநீரகம் நடத்தினால் "மாட்டுக்கு எப்படீங்க டீச்சர்?" என்பாள். மனித இதயம் நடத்தினால் "எருமைக்கும் நாலு அறைதானுங்களா?" என்பாள். எனக்குப் பாதி பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வராமல், நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருவேன். இருபது வருட வேலையில் என்னை வீட்டுப்பாடம் செய்ய வைத்த பிள்ளை அவள் ஒருத்திதான். அதனால் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் நிறையப் பிரியமும் உண்டு.

பொங்கலுக்கு முன்னால் பள்ளியில் பொங்கல் வைப்பது வழக்கம். அன்று பிள்ளைகள் சீருடையில் வரவேண்டாம். எல்லாரும் அம்மாவின் பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு, முந்தானையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நிற்பார்கள். நேற்றுவரை இரட்டைச் சடையோடு இருந்தவர்கள் அன்று திடீரென்று பெரிய பெண்களாகிவிடுவார்கள். பானை பொங்கி, குலவை போட்டு, கரும்பைக் கடித்துத் துப்பியெல்லாம் முடிந்த பிறகும் அன்று இரண்டு பாடவேளை மிச்சமிருந்தது. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. விட மனமில்லாமல் திருப்புதல் நடத்த உட்காரச் சொன்னேன். பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்கள். அவர்கள் கவனம் பாடத்தில் நிற்காது என்று தெரிந்ததால், அவளைக் கூப்பிட்டு நீயே நடத்து என்று எழுதுகோலைக் கொடுத்தேன்.

பால் நிர்ணயம். பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்பது எப்படி முடிவாகிறது என்ற பாடம். அவள் ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரையில் எக்ஸும் ஒய்யும் எழுதினாள். தாயிடம் இரண்டும் எக்ஸ். தாயால் எக்ஸைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாது. தகப்பனிடம்தான் எக்ஸும் உண்டு, ஒய்யும் உண்டு. அவர் எதைக் கொடுக்கிறாரோ அதுதான் குழந்தை. இவ்வளவும் புத்தகத்தில் இருப்பதுதான். அதன்பிறகு புத்தகத்தில் இல்லாததைச் சொன்னாள்.

"எங்க ஊட்டுல நாங்க மூணு பேருமே பொண்ணுங்க. ஒறம்பறைங்க, சொந்தக்காரங்க அத்தனை பேரும் எங்கம்மாவத்தான் குத்தஞ் சொல்லுவாங்க. கணக்குப் பாத்தா எங்கப்பாவத்தான் சொல்லோணும். ஆனா எங்கப்பா பாவம், அவருக்கும் தெரிஞ்சு நடக்கலை. அதனால யாரும் யாரையும் சொல்ல வேண்டாம். இந்தப் படத்த ரெண்டு மார்க்குக்கு எழுதுனாப் போதும்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். நல்லவேளையாகப் போனில் முழுவதையும் எடுத்திருந்தேன். இருபது வருடமாக நான் நடத்தும் பாடத்தை அவள் ஐந்தே நிமிடத்தில் என்னைவிட நன்றாக நடத்திவிட்டாள். அன்று வராத பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த அப்பாக்களும் கேட்டால் நல்லது என்று மனதுக்குள் ஒரு குறும்பும் இருந்தது. "பால் நிர்ணயம் – திருப்புதல். அனைவரும் கேட்கவும்" என்று எழுதிக் குரூப்பில் போட்டேன். நாலைந்து கட்டைவிரல், இரண்டு கும்பிடு, ஒரு ரோஜாப்பூ வந்தது. யாராவது கேட்டார்களா என்பது தெரியவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை என் அம்மா கூப்பிட்டார். அம்மா திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீகத் தோட்டங்காட்டில், என் தம்பி வீட்டில் இருக்கிறார். தம்பி வீடு என்றால் தம்பி அங்கே இருக்க மாட்டான். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். வருடத்தில் முக்கால்வாசி நாள் வடக்கேதான் இருப்பான். வயது முப்பத்திரண்டு. பெண் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது பெரிய வியாதியாக இருக்கிறது. பத்தாம் வகுப்போடு நிறுத்தி ரிக்குக்கும் லாரிக்கும் போன பையன்களுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. பெண்கள் எல்லாம் படித்துவிட்டார்கள். அவர்களைப் படிக்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று அம்மா சண்டை வரும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவார்.

அன்று சண்டைக்கான குரல் இல்லை. "கண்ணு, சோறுண்டியா?" என்று ஆரம்பித்தார். பிறகு, "உன்ற கிளாசுல தறிக்காரர் ஊட்டுப் புள்ள ஒண்ணு படிக்குதாமா, மூணும் பொண்ணாப் பொறந்த ஊடு? அந்தப் புள்ள எப்படி?" என்றார்.

அம்மாவுக்கு யாரைப் பற்றி வேண்டுமானாலும் விசாரிக்கும் பழக்கம் உண்டு. நான் யோசிக்கவே இல்லை. "தங்கமான புள்ளம்மா. அந்த மாதிரி ஒரு புள்ள எனக்கு இதுக்கு முன்ன கெடச்சதில்ல. கால்நடை டாக்டராகோணும்னு இருக்குது. ஆகியும் போடும்" என்றேன். அம்மா, "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். பேசி முடித்ததும் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது.

அவள்தான். அதே பட்டுச்சேலை, அதே திரை. ஆனால் முக்கால்வாசியை வெட்டியிருந்தார்கள். அவள் எழுதிவிட்டுத் திரும்புவதும், முந்தானையைச் சரிசெய்வதும், கடைசியில் வகுப்பு சிரிக்கும்போது அவளும் சேர்ந்து சிரிப்பதும் மட்டும் மெதுவாக ஓடின. எக்ஸும் ஒய்யும் தெரியாதபடி ஓரத்தில் பூக்கள் தூவியிருந்தார்கள். அவள் குரல் இல்லை. பாடத்தை எடுத்துவிட்டு ஒரு காதல் பாட்டைப் போட்டிருந்தார்கள். கீழே பிறந்த நட்சத்திரம், ராசி, படிக்கும் பள்ளி, "மணமகன் தேவை" என்ற வரி.

அவளுடைய தாய்மாமா செய்த வேலை அது என்று பிறகு தெரிந்தது. அவள் அப்பாவிடம் பட்டன் போன்தான் என்பதால், எங்கள் குரூப்பில் அவள் வீட்டுச் சார்பில் இருப்பது அவர் எண்தான். ஜாதகத்தோடு ஒரு நல்ல படம் வேண்டும், பெண் சேலையில் இருக்க வேண்டும் என்று ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டால் பிள்ளை எதற்கு என்று கேட்கும். நானோ சேலை கட்டிய பிள்ளையை வெளிச்சத்தில் நிற்க வைத்து, முகம் தெளிவாகத் தெரிய ஐந்து நிமிடம் எடுத்து அவர் கைக்கே அனுப்பி வைத்திருக்கிறேன். அவர் அதைத் திருத்தி, வரன் பார்க்கும் குரூப்புகளில் போட்டிருக்கிறார். அங்கிருந்து அது என் அம்மாவிடம் போயிருக்கிறது.

எனக்குக் கோபம் பொங்கியது. அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். "அது பன்னண்டாவது படிக்கற புள்ளம்மா. உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"நா என்ன நாளைக்கேவா தாலி கட்டச் சொல்றேன்? பதனெட்டு முடியட்டும். சட்டமெல்லாம் எனக்குந் தெரியும். இப்ப நிச்சயம் பண்ணி வெச்சுக்கலாம். நீயே தங்கமான புள்ளைன்னு சொல்லிப்போட்டியே சாமி."

"அது படிக்கோணும்."

"படிக்க வெச்சுக்கறோம். யாரு வேண்டாங்கறா?"

இந்தப் "படிக்க வெச்சுக்கறோம்" என்ற சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது எனக்குக் கல்யாணம் ஆனது. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் கொடுத்தார்கள். பந்தலில் என் மாமனார் நாலு பேர் முன்னால் சொன்ன சொல் அதுதான். அதற்குப் பிறகு நான் புத்தகத்தைத் தொடும்போதெல்லாம் யாருக்காவது காபி வேண்டியிருந்தது. என் இரண்டாவது குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகுதான் நான் பரீட்சை எழுதினேன். அதற்கான சம்மதத்தையும் அழுது, சண்டை போட்டு, இரண்டு முறை பிறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துதான் வாங்கினேன். அப்படிப் போய் உட்கார்ந்தபோதெல்லாம் "கண்ணாலம் ஆன பொறவு என்ன படிப்பு, ஊட்டுக்குப் போ" என்று பஸ் ஏற்றி அனுப்பியது இதே அம்மாதான். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மாவிடம் பேசிப் பயனில்லை என்று தம்பியைக் கூப்பிட்டேன். எங்கோ ஒடிசாவில் இருந்தான். பின்னால் கம்ப்ரஸர் சத்தம். சற்றுத் தள்ளிப் போய்ப் பேசினான். வீடியோ வந்ததா என்றேன். "வந்துச்சுக்கா" என்றான். குரலிலேயே வெட்கம் தெரிந்தது. எத்தனை முறை பார்த்தாய் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன், யாரையும் அதட்டிக்கூடப் பேசாதவன். வருடக் கணக்காக ஜாதகம் போவதும் திரும்புவதுமாக அவன் பட்ட அவமானம் எனக்குத் தெரியும். தம்பிக்கு ஒரு பெண் கிடைக்காதா என்று நானே மலையேறிப் போய்ச் சாமி கும்பிட்டிருக்கிறேன். கேட்டது இப்படி வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

"நா படிக்க வெக்கறேன்க்கா, நெசமாலுமே" என்றான். அவன் உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என்ன தோன்றியதோ, வெட்டாத வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். பாட்டில்லாமல், அவள் குரலோடு இருப்பதை. இதைக் கேட்டுவிட்டுப் பேசு என்றேன். மறுநாள் மத்தியானம் கூப்பிட்டான்.

"நல்லாச் சொல்லுதுக்கா. எனக்கே வெளங்கிருச்சு." சிரித்தான். அப்புறம், "ஆனா இந்த நாயமெல்லாம் நம்மூட்டுல வந்து பேசுனா, அம்மா கொன்னே போடும். வந்த பொறவு கொறச்சுக்கச் சொல்லோணும்" என்றான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அதற்குமேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் எட்டு மாதம் ஒடிசாவில் இருப்பான். இவள் அந்தக் காட்டு வீட்டில் என் அம்மாவோடு இருப்பாள். குறைத்துக் குறைத்து ஒருநாள் பேச்சே இல்லாமல் போகும்.

அவள் அப்பாவை வரச்சொல்லி, அவள் மூலமாகவே சொல்லியனுப்பினேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா என்று அப்போது கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை பரீட்சை நேரத்தில் பயந்துபோகும் என்று நினைத்தேன். அந்த வீடியோவைக் குரூப்பிலிருந்து நீக்கினேன். நீக்கியதால் களவு போன வீட்டைப் பூட்டிய திருப்திதான் மிஞ்சியது. சாயங்காலம் சக ஆசிரியை ஒருவர், "இது உங்க கிளாஸ் பொண்ணுதானே?" என்று பாட்டோடு இருந்ததை எனக்கே காட்டினார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே வந்தார்கள். சலவை வேட்டி, பட்டு இல்லாவிட்டாலும் புதுச்சேலை. பை நிறைய வாழைப்பழம். பிள்ளையைப் பற்றிப் பள்ளியில் கூப்பிட்டுவிட்டால் பெற்றவர்கள் முகத்தில் ஒரு கலக்கம் இருக்கும். இவர்கள் முகத்தில் அது இல்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அவள் அம்மாவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள். பழத்தை ஏன் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் ஆரம்பிப்பதற்குள் அவர் கும்பிட்டார். "நீங்க எங்க புள்ளையக் கேட்டு அனுப்புவீங்கன்னு நாங்க கனவுலகூட நெனைக்கலீங்க டீச்சர்."

"நான் கேட்டு அனுப்பினேனா?"

"உங்கம்மா வந்திருந்தாங்களேங்க எங்க ஊட்டுக்கு. எம் பொண்ணுதான் உங்க புள்ளைக்கு டீச்சரு, தங்கமான புள்ளைன்னு அதுவே சொல்லிருச்சுன்னாங்க. எங்களுக்கு அப்பத்தானுங்க வெளங்குச்சு. இத்தனை புள்ளைங்க இருக்கறப்ப எங்க புள்ளைய மட்டும் சேலையோட நிக்க வெச்சு வீடியோ எடுத்து, எல்லாரும் பாருங்கன்னு போட்டீங்களே, அது எதுக்குன்னு."

பாடத்தை அனுப்பினேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் அதைப் பெண் கேட்பதற்கு நான் போட்ட முதல் அடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மாவும் அப்படியே நினைத்திருக்கலாம். தாய்மாமா முன்னமே வரன் தேடிக்கொண்டிருந்தார், ஆனால் அப்பாவுக்கு அரைமனதுதான் இருந்திருக்கிறது. படிக்கட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். டீச்சர் வீட்டிலிருந்து கேட்கிறார்கள் என்றதும்தான் சரி என்றிருக்கிறார்.

"பதனஞ்சு வருசம் வித்தியாசமுன்னு ஒறம்பறைல சொன்னாங்க. நாந்தான் சொன்னனுங்க, வயசக் கொண்டு என்ன பண்றது, டீச்சரம்மா ஊட்டுக்குப் போனாப் புள்ள படிச்சுக்கும்னு."

அவள் அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். "மூணு புள்ளைங்க டீச்சர். முன்னது நல்ல எடத்துல போயிருச்சுன்னா பின்னதுகளுக்கு நாங்க பாத்துக்குவோமுங்க."

அந்த அம்மாவின் கையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. தறியை நிறுத்திவிட்டு வந்திருக்க வேண்டும். ஏமாற்றுகிறவர்களாக இருந்தால் கத்தியிருப்பேன். இவர்கள் என்னை நம்பி வந்து நிற்கிறார்கள். என் பேரைச் சொல்லி என் அம்மா பேசிய பேச்சை நம்புகிறார்கள். மரியாதையாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று யோசித்தேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று ஏதாவது சொல்லலாம். ஆனால் தட்டிக்கழித்தால் அம்மா மறுபடியும் போவார். உடைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"நான் கேட்டு அனுப்பலீங்க. வீடியோ பாடத்துக்காக எடுத்தது. எங்கம்மா சொன்னதை நம்பாதீங்க. எங்க ஊட்டுக்கு வந்தாப் புள்ள படிக்காது. எந்தம்பி நல்லவன்தான், ஆனா ஊட்டுல இருக்க மாட்டான். எங்கம்மா படிக்க விடாது. பெத்த பொண்ணையே விடலீங்க. எங்க ஊடு வேண்டாமுங்க."

பெற்ற தாயைப் பற்றி வெளியாளிடம் அப்படிச் சொன்னது என் வாழ்க்கையில் அன்றுதான். இந்தப் பேச்சு இரண்டு நாளில் திருச்செங்கோட்டுக்குப் போய்ச் சேரும் என்று தெரியும். போய்ச் சேர்ந்தது. அம்மா இன்னும் என்னிடம் பேசவில்லை. தம்பி ஒருமுறை கூப்பிட்டு, "என்னைப் பத்தி அவங்ககிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்று மட்டும் கேட்டான். நல்லவன் என்று சொன்னேனடா என்றேன்.

அன்று அவள் அப்பா நான் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "நீங்களே சொல்லிப்போட்டீங்க. அப்ப அந்த எடம் வேண்டாமுங்க" என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவர் அடுத்ததைச் சொல்லும் வரைக்கும்தான்.

"வீடியோவப் பாத்துட்டு இன்னும் ரெண்டு எடம் கேட்டிருக்கறாங்க. ஒண்ணு பள்ளிபாளையம். ஒண்ணு சங்ககிரி, சொந்த லாரி ரெண்டு ஓடுது. அதுல ஒண்ணப் பாக்கறோமுங்க."

சட்டம் பேசினேன். புகார் எழுதுவேன் என்று மிரட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஆவணியில புள்ளைக்குப் பதனெட்டு முடியுதுங்க. அதுக்கு முன்ன நாங்க எதும் பண்ண மாட்டோம்" என்றார். ஆவணிக்குள் கால்நடைக் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும், அதில் சேர்ந்துவிட்டால் யாரும் நிறுத்த முடியாது, இன்னும் ஒரு வருடம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். ஆரம்பித்தாகிவிட்டது டீச்சர் என்றார். வரன் குரூப்பில் வந்த பெண்ணைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டால், பெண்ணுக்கு ஏதோ குறை என்று பேசுவார்களாம். கடைசியில் பழப்பையை என் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனார்கள். வேண்டாம் என்றதற்குக் கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப்போகக் கூடாது என்றார் அந்த அம்மா.

அவர்கள் வராந்தாவில் நடந்து மறைந்த பிறகும் அவள் போகவில்லை. சுவரோரத்தில் நின்றபடியே இருந்தாள். நான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று எழுந்தேன். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாட்டுப் போட்ட வீடியோவையும் மாமா காட்டியிருக்கிறார்.

"பயப்படாத சாமி. எங்க ஊட்டுப் பேச்சு இன்னியோட முடிஞ்சுது" என்றேன்.

"எங்கப்பா மொதல்ல எங்கிட்டத்தான் கேட்டாருங்க டீச்சர். எப்படியும் இந்த வருசம் எங்கியாவது முடிச்சுருவாங்க. அதனால நாந்தான் உங்க ஊடுன்னாச் சரின்னு சொன்னேன்." அவள் அழவில்லை. திரையில் கணக்குப் போட்டுக் காட்டுவதுபோல நிதானமாகத்தான் சொன்னாள். "மத்த ரெண்டு ஊட்டுலயும் டீச்சர் யாரும் இல்லீங்க."